சாந்தோரினியில் ஒரு துட்டி வீடு

சலேத் மேரிக்கும் அவள் புருஷன் கஸ்பாருக்கும் இடையில் நடந்துவந்த ஒரே சண்டை, கிரேக்க தேசத்துச் சாந்தோரினித் தீவுக்கு எப்படிப் போவது என்பதுதான். அந்தச் சண்டை தொடங்கியபோது தொட்டிலில் கிடந்த மகள் வளர்ந்து, படித்து, கல்யாணம் முடித்து, குவைத்துக்கே போய்விட்டாள். சண்டை மட்டும் ஆமைத்துறையை விட்டு எங்கும் போகவில்லை.

கஸ்பார் சரக்குக் கப்பலில் போசனாக, மேல்தளத்து ஆட்களையும் வடங்களையும் மேய்க்கிற வேலையில் இருந்தவர். போகும்போதும் வரும்போதும் அவர் கப்பல் அந்தத் தீவைத் தாண்டிப் போகும். கறுத்த மலை விளிம்பில் உப்பளத்துக் குவியல்கள் போல வெள்ளை வெள்ளையாக வீடுகள் தெரியும். கப்பல் ஒரு தடவைகூட அங்கே நின்றதில்லை. லீவில் வந்தவர் இதைச் சொன்னதும், "என்னையும் ஒரு நாளு அங்க கூட்டிட்டுப் போங்க" என்றாள் சலேத். "போவோம்" என்றார் அவர். அன்றைக்குப் பிடித்தது இந்தச் சண்டை.

கோடையில் போனால் கூட்டம் கொல்லும் என்பார் அவர், குளிரில் போனால் கடையெல்லாம் சாத்தியிருக்குமாமே என்பாள் அவள். கப்பலில் போனால் அலை, விமானத்தில் போனால் கடலே தெரியாது. மலைக்கு மேலே தங்கினால் தண்ணீருக்கு இறங்க வேண்டும், கீழே தங்கினால் ஊருக்கு ஏற வேண்டும். ஏறுவதற்குக் கழுதை உண்டு, ஆனால் கழுதைமேல் உட்காருவது பாவம் என்று அவளும், படியில் ஏறினால் உன் முட்டி போய்விடும் என்று அவரும், இப்படியே அவர் கப்பல் வேலையிலிருந்து ஓய்வு பெற்று வந்து, தலை நரைத்து, வலை பின்னுகிற ஆண்களும் மீன் வாங்க வருகிற பெண்களும் ஆளுக்கொரு கட்சி எடுத்து, கடைசியில் ஆமைத்துறையில் பச்சைப் பிள்ளைக்குக்கூடச் சாந்தோரினியில் எந்த மாதம் கூட்டம் குறைவு என்று தெரிந்துபோயிற்று.

மாதா திருவிழா முடிந்து கொடி இறக்கிய மறுநாள் விடியலில் அந்தத் தீவு ஆமைத்துறைக் கடலில் வந்து நின்றது.

முதலில் கண்டது மீன்பாடு முடித்துக் கரை திரும்பிய படகுக்காரர்கள்தான். வழியில் ஒரு மலை நிற்பதைப் பார்த்து, அதைச் சுற்றிக்கொண்டு வந்து, கரையேறியதும் எரிச்சலோடு சொன்னார்கள். இறால் கிடக்கிற இடமாகப் பார்த்து நிற்கிறதே, கொஞ்சம் தெற்கே தள்ளி நின்றால் என்ன என்பதுதான் அவர்கள் வருத்தம். வெயில் ஏறியதும் வெள்ளை வீடுகளும் நீலக் கூரைக் கோயில்களும் காற்றாலைகளும் துணி காய்கிற கொடிகளும் தெரிந்தன. கழுதை கத்தியது. கரையில் நின்ற நாய்கள் பதிலுக்குக் குரைத்துவிட்டுப் படுத்துக்கொண்டன.

ஏன் வந்தது என்று கேட்டவர்கள் கொஞ்சம் பேர்தான். பங்குச்சாமியார் பூசையில், அது ஐரீன் என்ற புனிதவதியின் பேரைத் தாங்கிய தீவு, வந்தவர்களை வரவேற்பது நம் கடமை என்று சொன்னார். அங்கே கிணறு கிடையாது, குடிக்கிற தண்ணீர் வெளியிலிருந்து வர வேண்டும் என்று கஸ்பார் சொன்னதும் ஊர்க்கமிட்டி படகில் தண்ணீர் கேன்களை ஏற்றி அனுப்பியது. பதிலுக்கு அங்கிருந்து கோலிக்குண்டு அளவுத் தக்காளி ஒரு கூடை வந்தது. அதைக் குழம்பில் போட்ட பெண்கள் புளி குறைத்துப் போட வேண்டும் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். அத்தோடு தீவு ஆமைத்துறைக்குப் பழகிப்போயிற்று.

"பாத்தியா ஏட்டி, நாம கிளம்பலன்னு அதுவே கிளம்பி வந்திருச்சு" என்றார் கஸ்பார். அவர் கண் ஈரமாக இருந்தது. "வா, இன்னைக்கே போயிட்டு வந்திருவோம்."

சலேத் வாசலில் நின்று நெற்றியில் கைவைத்துப் பார்த்தாள். "வந்ததும் வராததுமா போயி நிப்பாங்களா? அவங்க மொதல்ல செட்டிலாகட்டும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அவர்கள் செட்டிலாகவில்லை. அதற்குள் பஸ்கள் வந்துவிட்டன. நாகர்கோவிலிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் வேன் வைத்து வந்தார்கள். திருச்செந்தூரில் சாமி கும்பிட்டுவிட்டு அப்படியே வந்தார்கள். கல்யாணமான ஜோடிகள் மாலை வாடுவதற்குள் போட்டோ எடுக்க வந்தார்கள். கல்லூரிப் பிள்ளைகள், சுயஉதவிக் குழுப் பெண்கள், கல்யாண மண்டபத்திலிருந்து பந்தி முடிந்து நேராக வந்த கூட்டம் என்று வந்துகொண்டே இருந்தார்கள். மீன் ஏலம் போட்ட இடத்தில் சுண்டலும் தொப்பியும் விற்றார்கள். மீன்பிடிப் படகுகள் ஆள் ஏற்றின. தீவின் படிகளில் ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் முட்டிக்கொண்டு நிற்க, நீலக் கூரை கண்ணுக்குத் தெரியாமல் தலைகளும் தூக்கிப் பிடித்த போன்களும்தான் கரையிலிருந்து தெரிந்தன.

கஸ்பார் மறுபடி திட்டம் போட ஆரம்பித்தார். செவ்வாய்க்கிழமை கூட்டம் குறையும் என்றார். மழை மூட்டம் போட்ட நாளாகப் பார்த்துப் போகலாம் என்றார். முதல் படகில் ஏறினால் முன்னால் போய்விடலாம் என்றார். அவள் ஒவ்வொன்றுக்கும் ஒரு குறை சொன்னாள். கடைசியில் ஒரு நாள் அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"நீ ஆசப்பட்டதுதானட்டி இது? கண்ணுக்கு முன்னால நிக்கும்போது என்னத்துக்கு இந்த வீம்பு?"

அவள் ஆய்ந்துகொண்டிருந்த சாளை மீனைச் சட்டியில் போட்டுவிட்டுக் கையைக் கழுவினாள்.

"சுனாமி வந்த மார்கழியில நீங்க கப்பல்ல இருந்திய" என்றாள். "என் தம்பியத் தூக்கியாந்து இந்த வீட்டுலதான் போட்டிருந்தோம். கடல் என்ன செஞ்சிருக்குன்னு பாக்க வேன் வச்சு ஆளு வந்தாங்க. கறுப்புக் கண்ணாடி போட்ட ஒருத்தன் வாசப்படி தாண்டி உள்ள வந்து, கொஞ்சம் தள்ளி உக்காருங்க, வெளிச்சம் மறைக்குதுன்னு சொன்னான். நான் தள்ளி உக்காந்தேங்க. ஏன் தள்ளுனேன்னு இன்னும் எனக்குத் தெரியல."

அவள் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

"பாக்கப் போறதுன்னா எனக்கு அந்தாளு ஞாபகந்தான் வருது. அது ஊருங்க. அந்தக் கொடியில காயுறது யாரோ ஒரு பொம்பளயோட பாவாட."

அன்றிலிருந்து கஸ்பார் திட்டம் போடுவதை நிறுத்திவிட்டார். சண்டை இல்லாத வீடு வெறிச்சென்று கிடந்தது. அவளுக்கு அது சண்டையைவிடக் கஷ்டமாக இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் தீவு விலகிப் போகிறது என்று படகுக்காரர்கள் கண்டுபிடித்தார்கள். போய்வர டீசல் கூடுதலாகச் செலவாயிற்று. கழுதை கத்துவது கரைக்குக் கேட்காமல் போயிற்று. கூட்டம் அதிகமாக வந்த ஞாயிற்றுக்கிழமைகளுக்கு அடுத்த காலையில் தீவு கண்ணுக்குத் தெரிகிற அளவுக்குத் தள்ளிப் போயிருந்தது. ஊர்க்கமிட்டி கூடி, போசனாக இருந்த மனுஷனுக்குத் தெரியாத வடமா என்று கஸ்பாரிடம் பொறுப்பைக் கொடுத்தது. அவரும் கப்பலைக் கட்டுகிற வடங்களை வரவழைத்து, தீவின் பாறையில் ஒரு முனையைப் படகுக்காரர்களை அனுப்பிக் கட்டவைத்து, கரையில் நின்ற பனைகளில் மறுமுனையைத் தானே கட்டினார். வடங்கள் விறைத்து முனகின. பெண்கள் அதில் துணி காயப்போட்டார்கள், காகங்கள் வரிசையாக உட்கார்ந்தன. ஒரு மத்தியானம் பனைகள் வேரோடு பிடுங்கிக்கொண்டு கடலுக்குள் போயின.

"வீட்டுக்கு வந்த ஆளக் கட்டிப் போடுவாங்களா?" என்று மட்டும் கேட்டாள் சலேத். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

தீவு போய்விடும் என்ற செய்தி பரவியதும், போவதற்குள் பார்த்துவிட வேண்டும் என்று வழக்கத்தைவிட இரண்டு பங்கு கூட்டம் வந்தது. அப்படி வந்த ஒரு நாள், சோறு பொங்கி இறக்குகிற நேரத்தில், தீவிலிருந்து மணிச் சத்தம் கேட்டது. ஓர் அடி, ஒருவர் மூச்சை இழுத்து விடுகிற அளவுக்கு மௌனம், பிறகு இன்னோர் அடி. கரையில் நின்ற கூட்டம் அதைக் காட்சியின் பகுதி என்று நினைத்துப் போனில் பதிவு செய்தது. சலேத் அடுப்பை அணைத்தாள்.

"ஏங்க, துக்க மணி. யாரோ இறந்துட்டாங்க."

கஸ்பார் எழுந்து வந்து கேட்டார். "ஆமா" என்றார்.

அவள் உடுத்தியிருந்த பூப்போட்ட சேலையை மாற்றி நிறம் மங்கிய வெள்ளைச் சேலை ஒன்றைக் கட்டினாள். பெரிய தூக்குவாளி நிறையக் கருப்பட்டிக் காப்பி போட்டாள். அவர் வேட்டியும் துண்டுமாக வந்து நின்றார். எப்படிப் போவது என்று இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. தெருவில் இறங்கி, கூட்டத்தை விலக்கிக்கொண்டு, படகு நின்ற இடத்துக்குப் போனார்கள்.

சிலுவைதாசன் படகில் ஆள் ஏறிக்கொண்டிருந்தது. "என்ன மைனி, கடைசில கிளம்பிட்டியளா!" என்று சிரித்தான். "வரிச வேறல்ல நிக்கி, எப்படியாச்சும் ஏத்திவிடுதேன்."

"நான் துட்டிக்குப் போறேன் சிலுவ" என்றாள் சலேத்.

அவன் சிரிப்பு நின்றது. துட்டி வீட்டுக்கு, இழவு கேட்கப் போகிறவர்களை யாரும் வரிசையில் நிற்க வைப்பதில்லை. அவன் மணியை அப்போதுதான் கேட்டவன்போலத் தீவின் பக்கம் திரும்பினான். ஆமைத்துறையில் ஒரு வீட்டில் இழவு விழுந்தால் அடக்கம் முடிகிறவரை எந்தப் படகும் கடலில் இறங்காது. அவன் அப்பன் காலத்திலும் அப்படித்தான், அதற்கு முன்பும் அப்படித்தான். இத்தனை நாள் தண்ணீர் கொடுத்துத் தக்காளி வாங்கித் தின்ற வீடு, நம் ஊரில் சேர்த்தியா இல்லையா? அவன் படகில் ஏறியிருந்தவர்களைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டான். "ஊருல ஒரு இழவு ஆயிப்போச்சு. கொஞ்சம் எறங்குங்க." அடுத்த படகுக்காரனுக்குக் குரல் கொடுத்தான், அவன் அதற்கடுத்தவனுக்கு. படகுகள் ஒவ்வொன்றாக இயந்திரத்தை நிறுத்தின. ஊர்ப்பெண்கள் சிலர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து சலேத்தோடு ஏறினார்கள்.

தீவின் படிகளில் ஏற்கெனவே போய்விட்ட கூட்டம் நிறைந்து நின்றது. நடுவழியில் ஒரு வெள்ளை வீட்டின் முன்னால் சவப்பெட்டியைத் தூக்கியவர்கள் திரும்ப இடமில்லாமல் திணறினார்கள். கறுப்பு உடுத்திய ஒரு பெண் வாசலில் நின்று, தன்னை நோக்கி நீண்ட போன்களுக்கு மறைவாக முழங்கையால் முகத்தை மூடிக்கொண்டிருந்தாள். செத்தவன் மனைவி என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

சலேத் அந்த முழங்கையைப் பார்த்தாள். தூக்குவாளியைக் கீழே வைத்துவிட்டு, நேரே போய் அந்த வாசலில், அந்தப் பெண்ணுக்கும் கூட்டத்துக்கும் நடுவில் நின்று, முந்தானையை விரித்து அவளை மறைத்துக்கொண்டு, மாரில் அடித்து அழத் தொடங்கினாள்.

"பக்கத்து வீடா வந்திய, என் பவளமே,
பாக்க வர நாளாச்சே, என் தங்கமே,
பேரு கேக்க வருமுன்ன, என் அண்ணாச்சி,
பேசாமப் படுத்தியளே, என் ராசாவே!"

கூட வந்த பெண்கள் அவளைச் சுற்றித் தோளைக் கட்டிக்கொண்டு சேர்ந்து அழுதார்கள். அந்தச் சத்தம் படிகளில் மேலேயும் கீழேயும் போயிற்று. நாகர்கோவில்காரர்களுக்கும் திருநெல்வேலிக்காரர்களுக்கும் அது என்ன சத்தம் என்று ஒருவரும் விளக்க வேண்டியதில்லை. போன்கள் இறங்கின. தொப்பிகள் கழன்றன. மாலையோடு நின்ற ஒரு புதுமாப்பிள்ளை மாலையைக் கழற்றி, என்ன செய்வது என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டிருந்து, பிறகு மெதுவாகப் பெட்டியின் மேல் வைத்தான். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு ஆட்கள் சுவரோடு சுவராக ஒட்டி நின்றார்கள். படிகளின் நடுவே ஒரு வழி திறந்தது.

பெட்டியின் ஒரு மூலையில் கிழவர் ஒருவர் தடுமாற, கஸ்பார் போய்த் தோள் கொடுத்தார். எத்தனையோ தடவை தூரத்திலிருந்து பார்த்த தீவில் அவர் தோளில் தூக்கிய முதல் சுமை அது. கிரேக்க தேசத்துப் பிரேயஸ் துறைமுகத்து வேலையாட்களிடம் கற்ற ஒரு சொல் அவருக்கு ஞாபகம் வந்தது. "சிகா, சிகா" என்றார் முன்னால் போனவர்களிடம். மெதுவா, மெதுவா. அவர்கள் திரும்பிப் பார்த்தார்கள், தலையசைத்தார்கள், மெதுவாக ஏறினார்கள்.

அடக்கம் முடிந்ததும் அந்தப் பெண் சலேத்தின் கையைப் பிடித்து வீட்டுக்குள் கூட்டிப்போய் நாற்காலியில் உட்கார வைத்தாள். அவள் பெயர் கலியோபி. செத்தவன் ஸ்டாமதிஸ், சுவருக்கு வெள்ளையடிக்கிறவன். அவித்த கோதுமையில் சர்க்கரையும் மாதுளை முத்தும் கலந்து ஒரு கிண்ணத்தில் கொடுத்தாள். சலேத் காப்பியை ஊற்றிக் கொடுத்தாள். இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து, ஒருவர் சொல்வது ஒருவருக்குப் புரியாமல், ஒருவர் பேச்சுக்கு ஒருவர் தலையாட்டிக்கொண்டு சாப்பிட்டார்கள். கஸ்பார் தன் கப்பல் பாஷையில் கேட்டுச் சொன்னது இவ்வளவுதான்: ஊரில் கூட்டம் தாங்கவில்லை, ஒரு நாள் கண்விழித்தபோது தீவு நகர்ந்துகொண்டிருந்தது, எங்கே போகிறது என்று அவர்களுக்கும் தெரியாது. "இத்தன பேரு வந்தாங்க, யாரும் எங்க வீட்டுக்கு வரலன்னு சொல்லுதா" என்றார்.

மறுநாள் காலை டீசலை அளந்து பார்த்த சிலுவைதாசன், தீவு தள்ளிப் போகவில்லை என்றான். அடுத்த நாளும் போகவில்லை.

அதன்பிறகு ஆமைத்துறையில் ஒரு வழக்கம் வந்தது. அதை யாரும் கூட்டம் போட்டு முடிவு செய்யவில்லை. படகில் ஏற வருகிறவர்களிடம் படகுக்காரர்கள், "யார் வீட்டுக்குப் போறிய?" என்று கேட்டார்கள். பெயர் சொல்லத் தெரியாதவர்கள் கரையில் உட்கார்ந்தார்கள். தீவுக்காரர்கள் தண்ணீர் எடுக்கவும் மீன் வாங்கவும் வரும்போது அவர்களிடம் பேச்சுக் கொடுத்தார்கள். யாராவது ஒருவர், வாங்களேன் என்பதுபோலக் கையை ஆட்டியதும் பூவோ பழமோ முறுக்கோ வாங்கிக்கொண்டு கிளம்பினார்கள். சிலர் இதென்ன கூத்து என்று திட்டிவிட்டுத் திருச்செந்தூருக்கே திரும்பினார்கள். சுண்டல்காரர்கள் கொஞ்சநாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் அப்படிப் போனவர்கள் திரும்பி வருவதற்குச் சாயங்காலம் ஆயிற்று, வயிறு நிறைந்து வந்தார்கள், எடுத்த போட்டோவில் வீடுகளைவிட முகங்கள் அதிகமாக இருந்தன. படகுகள் மறுபடி இறால் பிடிக்கவும் போயின. புதுமாப்பிள்ளை தன் பெண்டாட்டியோடு திரும்ப வந்து, கலியோபி வீட்டுச் சுவருக்கு வெள்ளையடித்துக் கொடுத்துவிட்டுப் போனான்.

சலேத் நினைத்தபோதெல்லாம் போனாள். வேலையைப் போட்டுவிட்டுப் போனாள், வேலையை எடுத்துக்கொண்டும் போனாள். அங்கே உட்கார்ந்து சாளை ஆய்ந்தாள். கலியோபி வந்து, ஆமைத்துறைக் கோயில் படியில் உட்கார்ந்து பிரார்த்தனை செய்தாள். அண்ணன் பெண்டாட்டியைக் கூப்பிடுகிற "மைனி" என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு இரண்டு பேரும் எல்லாம் பேசிவிட்டார்கள்.

வாடைக்காற்று கிளம்பிய காலத்தில் தீவு தன் இடத்துக்குத் திரும்பப்போகிறது என்று தெரிந்தது. எப்படித் தெரிந்தது என்றால், கழுதைகள் மேற்கே பார்த்து நின்றன. இந்தத் தடவை யாரும் வடத்தைப் பற்றிப் பேசவில்லை. தீவுக்காரர்கள் படகில் வந்து வீடு வீடாகச் சொல்லிக்கொண்டார்கள். கலியோபி சலேத்தின் வீட்டுக்கு வந்து, கஷ்டப்பட்டுக் கற்றுக்கொண்ட தமிழில், "மைனி, போறேன்" என்றாள்.

சலேத் அவள் வாயைப் பொத்தினாள். "அப்படிச் சொல்லக்கூடாது மைனி. போயிட்டு வர்றேன்னு சொல்லணும்."

கலியோபி சொல்லிப் பார்த்தாள். நாக்கு புரளவில்லை. சிரித்தாள், மறுபடி சொல்லிப் பார்த்தாள், அழுதாள். பிறகு சலேத்தின் கையையும் கஸ்பாரின் கையையும் சேர்த்துப் பிடித்து, தன் தீவின் பக்கமாக இழுத்தாள். அந்த இழுப்புக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

கஸ்பார் பெண்டாட்டியைப் பார்த்தார். அவள் அடுப்படியைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள், பக்கத்து வீட்டைப் பார்த்தாள். "மகளுக்குப் போன் போட்டு, அம்மையும் அப்பனும் கலியோபி மைனி வீட்டுக்குப் போயிருக்காங்கன்னு சொல்லிருங்க" என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் சாவியைக் கொடுத்தாள். இரண்டு சேலையும் ஒரு படி கருப்பட்டியும் எடுத்துக்கொண்டாள்.

காற்று ஏறியதும் தீவு அசைந்தது. சலேத் கலியோபியின் வாசலில், கஸ்பாரின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறந்ததிலிருந்து வாழ்ந்த ஊரை அவள் கடலிலிருந்து நின்று நிதானமாகப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. கோயில் கோபுரம் தெரிந்தது. நீல வலைகள் காய்ந்தன. மஞ்சளும் சிவப்புமாகப் படகுகள் வரிசையாக நின்றன. ஏதோ ஒரு வீட்டுக் கொடியில் துணி பறந்தது. அது யாருடையது, எந்தத் திருவிழாவுக்கு எடுத்தது, யார் தைத்தது என்று அவளுக்குத் தெரியும்.

"எவ்வளவு அழகா இருக்குங்க" என்றாள்.

கரையில் ஊரே திரண்டு நின்றது. யாரோ துண்டை வீசினார்கள். சலேத் இரண்டு கையையும் வாயோரம் குவித்து, அடிவயிற்றிலிருந்து குரல் எடுத்து, "போயிட்டு வர்றோம்!" என்று கத்தினாள். பக்கத்தில் நின்ற கலியோபியும், அவளுக்குப் பின்னால் ஒவ்வொரு வாசலிலும் மாடியிலும் நின்றவர்களும், தங்களுக்கு வந்த தமிழில் அதையே கத்தினார்கள்.

"வாங்க!" என்றது கரை.